வண்ணக்கர் ஜேம்ஸ் பிரின்செப்

நமது கல்லூரி மாணவர் சிலர் பழைய நாணயங்களையும் தாட்காசுகளையும் சேர்க்கும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளனர். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசும், விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த சதமும், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துத் தாட்காசும் இடைவேளைகளிற் கைமாறக் காண்கிறோம். விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதத்தை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, இம்மாணவரை மனத்திற் கொண்டே ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயரைத் தேர்ந்துகொண்டோம். அசோகனின் கல்வெட்டுக்களைப் படித்தறிந்தவர் என அவரை அறிந்தோர் பலர். அவ்வெழுத்துக்களிடம் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவை நாணயங்களே என்பதை அறிந்தோர் சிலரே.

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் வங்காளத்தில் அவுரிச் செய்கையினாற் பொருளீட்டித் தாயகம் திரும்பியவர். பிள்ளைகள் பலராதலின் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் தேடுதல் தந்தையாருக்குப் பெருங்கவலையாயிற்று. ஜேம்ஸ் கட்டடக்கலை பயிலத் தொடங்கினார். கண்நோய் குறுக்கிட்டமையால் அதனைக் கைவிட நேர்ந்தது. பின்னர் இரசாயனம் கற்று, இலண்டன் நாணயசாலையில் உலோகங்களின் மாற்றறியும் தொழிலைப் பயின்று, 1819ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் கல்கத்தாவை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது.

இத்தொழிலுக்குத் தமிழிற் பழைய பெயரொன்று உண்டு. பொன்னினதும் நாணயத்தினதும் மாற்றை நோக்குவோன் வண்ணக்கன் எனப்பட்டான். சங்கப் புலவருள்ளும் வண்ணக்கன் என்னும் அடையுடையார் சிலர் உளர். மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிற் பரிபாலனஞ் செய்வோரை வண்ணக்கர் என்றழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. ஆதலின் பிரின்செப்பை வண்ணக்கர் என்றல் பொருந்தும் என்பது எம் கருத்து.

கல்கத்தாவில் ஓராண்டு கழிவதற்குள் அவர் காசி நாணயசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பத்தாண்டுகள் வாழ்ந்தார். நகரத்தைப் படமாக வரைந்தார். நிலத்தின்கீழ்க் கழிவுநீர் செல்ல வழி அமைத்தார். கர்மநாசை ஆற்றுக்குப் பாலம் கட்டுவித்தார். தொழிலிலும் வெறும் உத்தியோகத்தராய் இருந்தாரல்லர். பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றின் கலவைகள் வெவ்வேறு வெப்பத்தில் உருகுவதைக்கொண்டு உலையின் வெம்மையை அளக்கும் முறையொன்றை வகுத்தார். இவ்வாராய்ச்சியின் பயனாக 1828இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1830இற் காசி நாணயசாலை மூடப்பட்டது. கல்கத்தாவிற்கு மீண்ட பிரின்செப் இரண்டாண்டுகளில் அங்குத் தலைமை மாற்றுநோக்குநராயினார். வங்காள ஆசியச் சங்கத்தின் செயலாளர் பதவியும் அதன் சஞ்சிகையை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தன. அக்காலத்தில் நாட்டிற் பலவகை ரூபாய்கள் வழங்கின. ஓரூர்க் காசு மற்றோரூரில் வட்டங் கொடுத்தே மாற்றப்பட்டது. 1835இல் 180 கிறெயின் நிறையுள்ள ஒரே வெள்ளி ரூபாய் கும்பினி ஆட்சிப்பகுதிக்குப் பொதுவாயிற்று. இச்சீர்திருத்தத்திற் பிரின்செப்பின் ஆலோசனைக்குப் பெரும்பங்கு உண்டு.

பழங்காசு உலைக்குப் போதலும் புதுக்காசாய் வெளிவருதலும் நாணயசாலையின் அன்றாடச் செயல்கள். காசை உருக்குவதைத் தொழிலாகக் கொண்டவரே காசைக் காப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டார். அலுவலக நேரம் போக எஞ்சிய காலமெல்லாம் அதற்கே செலவாயிற்று. ஆனால் தனியொருவராய்ச் சேர்த்தாரல்லர். பஞ்சாபில் இரஞ்சித்சிங் மகாராசாவின் படையிலிருந்த வெந்தூரா, கூர் என்னும் ஐரோப்பியத் தளபதிகள் பழைய தூபிகளை அகழ்ந்தெடுத்த காசுகளை அனுப்பினர். ஆப்கானிஸ்தானத்திற் பெக்ராம் வெளியில் ஆயிரக்கணக்கான காசுகளைத் திரட்டிய சார்ள்ஸ் மாசன் தாம் கண்டவற்றை எழுதினார். காபூலிலிருந்து கராமத் அலியும், பயணி பேர்ண்ஸின் துணைவரான மோகன்லாலும் அனுப்பினர். படைப்பிரிவில் அப்பொழுதே சேர்ந்த இளைஞர் அலெக்சாந்தர் கன்னிங்காம் வந்து கூடினார். பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருட் பகுதியை நிறுவியவர் இவரே.

வந்த காசுகளைப் பிரின்செப் தம் கையாலேயே வரைந்து, பல தகடுகளைத் தாமே செதுக்கிச் சஞ்சிகையில் வெளியிட்டார். அனுப்பியவர் பெயரையும் கூறினார். தம் காசு அச்சிற் படமாய் வந்ததைக் கண்டவர் வேறு காசு தேடப் புறப்படுவது இயல்பன்றோ! பெட்டியிற் பூட்டிய காசு ஊமை. பலர் முன் பரப்பியபொழுதே அது பேசத் தொடங்கியது.

எவ்வாறு பேசிற்று? பாக்திரிய கிரேக்க மன்னரின் காசுகளில் ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் எவரும் அறியாத எழுத்தும் இருந்தன. அரசன் பெயரும் பட்டமும் இருபுறமும் ஒன்றாகவே இருத்தல் கூடும் என மாசன் கண்டுரைத்தார். அதனைப் பற்றிக்கொண்டு கரோஷ்டி எழுத்துக்கள் பலவற்றின் ஒலியைப் பிரின்செப் துணிந்தார். பிராமி எழுத்தோ இன்னும் திறவாத கதவாய் நின்றது. 1837இல் சாஞ்சித் தூபியின் வேலிக்கற்களில் இருந்த சிறு வாசகங்களின் படிகள் அவர்முன் கிடந்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிந்தன. வேலிக்கல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடியார் கொடுத்ததாயின், அம்முடிவு தானம் என்னும் சொல்லாதல் வேண்டும் என அவருக்குத் தோன்றிற்று. அதற்குமுன் நின்ற எழுத்து, உடையார் இன்னார் எனக் காட்டும் வேற்றுமை உருபு. அவ்வுருபினைச் சௌராட்டிரக் காசுகளில் அவர் முன்னரே அறிந்திருந்தார். கதவு திறந்தது. தமக்குக் காசு தந்தவர் பெயரையெல்லாம் பேணி எழுதியவருக்கு, தந்தவர் பெயர் பொறித்த கற்களே வழிகாட்டின.

சில கிழமைகளுள் தில்லித் தூணின் சாசனத்தையும் படித்தார். அதில் வரும் தேவானாம்பிய பியதசி யார்? இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனே என முதலில் எழுதிவிட்டார். பெயரொற்றுமை அவரை ஏமாற்றிற்று. இலங்கையிற் பிறந்து இங்கேயே அரசாங்க சேவையிலிருந்தவர் ஜோர்ஜ் தேனர். 1837இல் மகாவமிசத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். பியதசி என்பது அசோகனின் மறுபெயர் என்பதைத் தீபவமிசத்திலிருந்து அவர் எடுத்துக் காட்டினார். பிரின்செப் வாதஞ் செய்யவில்லை. தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். இருவரும் 1799இற் பிறந்தவர்கள் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு கிர்நார்ப் பாறைச் சாசனத்தில் அந்தியோக்கசு, தொலமி முதலிய யவன அரசர் பெயர்களும் காணப்படவே, அசோகன் காலம் ஐயமின்றி நிலைபெற்றது.

ஓய்வின்றி உழைத்த உடல் தளர்ந்தது. 1838இன் பிற்பகுதியிற் கடுந்தலைநோவுடன் மனைவியோடும் சிறுமகளோடும் கப்பலேறினார். மூளை நோய் அறிவை மறைத்தது. 1840 ஏப்பிரில் 22ஆம் நாள், நாற்பது வயதில், இலண்டனிற் காலமானார். கல்கத்தா மக்கள் ஊக்ளிக் கரையில் அவர் பெயராற் படித்துறையொன்று அமைத்தனர். அவர் திரட்டிய நாணயங்கள் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. அவருடைய கட்டுரைகளை எட்வேட் தொமஸ் 1858இல் தொகுத்து வெளியிட்டார். 1980இல் ஆனைக்கோட்டையிற் கிடைத்த சிறு முத்திரையின் பிராமி எழுத்துக்களைப் படித்தோரும் அவர் திறந்த கதவின் வழியே சென்றவரே.

இவ்வரலாற்றை எழுதும்பொழுது எம் உறவினர் ஒருவரை நினைந்துகொண்டோம். நந்தியும் சேது என்னும் எழுத்தும் பொறித்த ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் காசுகளை அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். எவருக்கும் காட்டியதில்லை. சிறுவயதில் நாம் ஒருமுறை கேட்டபொழுது பெட்டியை மூடிவிட்டார். எங்கே கிடைத்தவை, யார் தந்தவை என்று ஒரு துண்டுக் கடுதாசியும் எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்தபின் வீட்டார் அவற்றை வெறுஞ் செம்பென்றெண்ணிக் கன்னாரிடம் நிறைக்கு விற்றனர்.

சென்ற தவணை ஒரு மாணவன் அத்தகைய சேதுக்காசொன்றைக் கொண்டுவந்தான். பளபளவென்றிருக்க வேண்டுமென்று புளியிட்டு விளக்கியிருந்தான். எழுத்திற் பாதி தேய்ந்துபோயிற்று. கடிந்துகொள்ள மனம் வரவில்லை. காட்டுவதற்காகவன்றோ விளக்கினான்! இப்பொழுது அக்காசு வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. அதன் அருகே, கிடைத்த தோட்டத்தின் பெயரையும் தந்த பாட்டியாரின் பெயரையும் அவனே மையால் எழுதி வைத்திருக்கிறான்.