மில்லின் ஓய்வுக்காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் 35 ஆண்டுகள் பணியாற்றிய தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1858-இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றபோது ஓய்வு பெற்றார். துணைவியார் ஹாரியட்டோ நெடுநாளாக நுரையீரல் நோயால் நலிந்திருந்தார். குளிர்காலத்தைத் தென்பிரான்சில் கழிக்க எண்ணி இருவரும் புறப்பட்டனர். வழியில் அவிஞோன் நகரில் நோய் முற்றி, நவம்பர் 3-ஆம் நாள் ஹாரியட் மறைந்தார். இருவரும் சேர்ந்து கழித்த ஓய்வுக்காலம் சில வாரங்களே!

மில் அக்கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கி, ஆண்டுதோறும் அங்கு சென்று தங்கலானார். இருவரும் கூடித் திருத்தி வந்த 'சுதந்திரம்' பற்றிய நூலை, மேலும் கை வைக்காமல் 1859-இல் வெளியிட்டு, துணைவியாரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். 1867-இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் பாராளுமன்றத்தில் வாதாடினார், தோற்றும் தளரவில்லை. 1873-இல் அவிஞோனிலேயே மறைந்து, ஹாரியட்டின் அருகே அடக்கமானார்.

துயரம் அவரை முடக்கவில்லை. துணைவியார் விட்டுச்சென்ற பணியைத் தொடரவே வைத்தது.