பாத்திரம் அடைக்கிறவர் பிரசங்கித்தார்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிஷம் வசனம் பேசச் சொன்னால், எனக்குப் படிப்பில்லை, பாஸ்டரே பேசட்டும் என்று நழுவுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் அப்படிக் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தவன்தான். ஆகவே இந்த மாதம் ஜான் பனியனைப் பற்றி எழுதுகிறேன். மோட்சப் பிரயாணம் எழுதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் எப்படிப் பிரசங்கியானார் என்பது அநேகருக்குத் தெரியாது.

1628-ஆம் வருஷம் இங்கிலாந்தில் பெட்போர்டு பட்டணத்துக்குப் பக்கத்திலே எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராய்ப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர். மகனுக்கும் அதே தொழில்தான். எழுதப் படிக்கக் கற்றதோடு சரி, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பதினைந்து வயதில் தாயார் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தார். கலியாணம் பண்ணினபோது வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி கூடக் கிடையாதாம். மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திப் புஸ்தகங்கள்! மூத்த மகள் மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வாயைத் திறந்தால் சாபமும் ஆணையுமாய் வரும், ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டு. அப்படிப்பட்ட மனுஷன்.

அவரைத் தொட்டது பெரிய பிரசங்கியார் இல்லை. ஒரு நாள் வேலையாய் பெட்போர்டு தெருவில் போகும்போது மூன்று நாலு ஏழைப் பெண்கள் வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டே, கர்த்தர் தங்கள் உள்ளத்தில் செய்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் காதுகொடுத்துக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் மனசு அங்கேயே நின்றுபோச்சு. அந்தச் சகோதரிகள் மூலமாகத்தான் ஜான் கிபர்ட் மேய்ப்பராயிருந்த சின்னச் சபைக்கு வந்தார். கிபர்டும் ஒரு காலத்தில் சூதாடி, குடித்துத் திரிந்த படைவீரர்தான். மனந்திரும்பி அந்தச் சபையை நடத்தினார்.

பனியன் சபையில் சேர்ந்து சில வருஷத்தில், வசனத்தில் தேறின சில சகோதரர்கள் இவரிடம் வரம் இருப்பதைக் கண்டு, கூட்டத்தில் நாலு வார்த்தை புத்தி சொல்லும்படி கேட்டார்கள். இவருக்கு ஒரே பயம், வெட்கம். ஆனாலும் சிறிய கூட்டத்தில் இரண்டு தடவை பேசினார். கேட்டவர்கள் ஆறுதலடைந்தார்கள். பிறகு கிராமங்களுக்குப் போகும் சகோதரர்களோடு கூடப் போய், அவர்கள் பேசினபின் கொஞ்சம் பேசுவார். கடைசியில் சபை உபவாசித்து ஜெபித்து, வெளியரங்கமாய்ப் பிரசங்கிக்கும்படி அவரை ஏற்படுத்தினது. பாருங்கள், அவராக மேடை ஏறவில்லை, சபைதான் ஏற்றினது. நான் இதில் ரொம்பக் கற்றுக்கொண்டேன்.

1660-இல் சார்லஸ் ராஜா பட்டத்துக்கு வந்ததும் காலம் மாறிப்போச்சு. அரசாங்கச் சபைக்கு வெளியே கூடிப் பிரசங்கிக்கக்கூடாது என்ற பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். நவம்பர் 12-ஆம் தேதி லோயர் சாம்செல் என்ற இடத்தில் கூட்டம். பிடிவாரண்டு இருக்கிறது, தப்பிப் போய்விடுங்கள் என்று முன்னாலேயே சொன்னார்கள். தான் ஓடினால் புதிதாய் விசுவாசித்த பலவீனர் சோர்ந்துபோவார்கள் என்று அவர் நின்றுவிட்டார். பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இரண்டாம் மனைவி எலிசபெத், மூத்தவளின் பிள்ளைகள் நாலு பேர். கர்ப்பிணியாயிருந்த அந்த அம்மா செய்தி கேட்டு அதிர்ந்து, எட்டு நாள் வேதனைப்பட்டுப் பெற்ற குழந்தை செத்துப்போச்சு. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

விசாரணையில், பிரசங்கிக்க உனக்கு ஏது அதிகாரம் என்பதுதான் கேள்வி. பனியன் 1 பேதுரு 4-ஆம் அதிகாரத்தைக் காட்டி, வரம் பெற்ற ஒவ்வொருவனும் அதைக்கொண்டு ஊழியம் செய்யவேண்டியதுதான் என்றார். நீதிபதி கீலிங் விடவில்லை. உன் வரம் பாத்திரம் அடைப்பது, அதைப் பார் என்கிற விதமாய் வியாக்கியானம் பண்ணினார்! பிரசங்கத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லவில்லை. 1661-இல் எலிசபெத் நீதிபதிகள் முன்னால் துணிந்து நின்று மன்றாடினார்கள். ஆனால் பேச நா இருக்கும்வரை என் புருஷன் பிரசங்கத்தை விடமாட்டார் என்பதையும் ஒளிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனைவி!

பன்னிரண்டு வருஷம் ஜெயில். அங்கே செருப்புக்கு வார் பின்னி விற்றுத்தான் குடும்பத்துக்கு அனுப்பினார். வேதமும் இரத்தசாட்சிகளின் சரித்திரமும் கையில் இருந்தன. வெளியே சபை செத்துப்போகவில்லை. தொழில் செய்கிற சகோதரர்களே ஒளிவுமறைவாய்க் கூடி வசனம் பேசி வந்தார்கள். அந்தச் சிறைவாசத்தின் முடிவில் சபை பனியனை மேய்ப்பராகத் தெரிந்துகொண்டபோது, அவரோடு இன்னும் ஏழு சகோதரர்களையும் பிரசங்க ஊழியத்துக்கு அங்கீகரித்தது. அவர்களில் ஒருவர் தொப்பி செய்கிறவர்.

1672-இல் ராஜா தடையைத் தளர்த்தினதும் பனியன் தனக்கு மட்டும் லைசென்ஸ் கேட்டு வாங்கவில்லை, சுற்றுவட்டாரத்துச் சகோதரர்கள் அநேகருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டார். சபை கூடினது மில் தெருவில் ஒரு தானியக் களஞ்சியத்தில். பிற்பாடு இன்னொரு முறையும் சில மாதம் உள்ளே போனார். மோட்சப் பிரயாணம் 1678-இல் அச்சாயிற்று.

1688-இல் ஒரு தகப்பனையும் மகனையும் ஒப்புரவாக்க ரெடிங் பட்டணம் போனார். அங்கிருந்து லண்டனுக்குக் குதிரையில் மழையில் நனைந்து வந்து, காய்ச்சலில் படுத்து, ஆகஸ்டு 31-ஆம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள். பெட்போர்டில் மில் தெருவிலே, அந்தக் களஞ்சியம் நின்ற அதே இடத்தில், அந்தச் சபை இன்றைக்கும் கூடிவருகிறது.