மிஸ் நைட்டிங்கேலும் ஆஸ்பத்திரித் தணிக்கையும்

அரியலூர்ச் சீமையிலுள்ள ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆலைத் தொழிலாளியின் உயிருக்குக் காப்பு உண்டா என்று பார்க்கப் பரிசோதகர் வருவது அங்குள்ள ஜனங்களுக்கு விந்தையன்று. ஆனால் காயம்பட்ட தொழிலாளி போய்ச் சேரும் ஆஸ்பத்திரியும் ஒரு தொழிலிடமே என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? அங்கே நர்ஸும் வார்டுச் சிப்பந்தியும் ஊசிமுனைக்கும் தொற்றுநோய்க்கும் நடுவில் பிழைப்பு நடத்துகிறார்கள். வெளியாரை அமர்த்தித் தம் ஸ்தாபனத்தைத் தணிக்கை செய்விக்கும்படி சொன்னால் நிர்வாகிகளில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காகவே மிஸ் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தோம்.

1820-ம் வருஷம் மே 12-ந் தேதி, செல்வக் குடியில் பிறந்தவர். நர்ஸ் தொழிலை இழிவாக எண்ணிய பெற்றோரை மீறி ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். கிரிமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்றார்.

கையில் விளக்கேந்திய மாதாகவே நம் பாடப் புத்தகங்கள் அவரைக் காட்டுகின்றன. அந்தச் சித்திரத்தில் ஒன்று விடுபட்டுப் போகிறது. அவர் போன பிறகும் மரணம் குறையவில்லை. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஏறவே செய்தது. 1855 பிப்ரவரியில், சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குமேல் மாண்டனர். ஆஸ்பத்திரிக் கட்டடமே சாக்கடைகளின் மேல் நின்றது.

அச்சமயம் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு சுகாதாரக் கமிஷனை நியமித்தது. டாக்டர் ஸதர்லண்டு, டாக்டர் கேவின், இஞ்சினீயர் ராலின்ஸன் ஆகிய மூவரும் மார்ச்சு மாதம் வந்திறங்கினர். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறும் கமிஷன் அன்று அது. (நம் நாடு கண்ட கமிஷன்கள் எத்தனை அந்த ரகம்!) வேலை தொடங்குவதையும் முடிவதையும் நேரில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை கிடக்கக் கண்டனர். முதல் பதினைந்து நாளில் 556 வண்டியும் கூடையுமாகக் குப்பை அகற்றப்பட்டது. சாக்கடை அலசப்பட்டது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, காற்று வர வழி செய்யப்பட்டது. ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு இரண்டளவில் வந்து நின்றது.

ஆனால் அம்மையாரே அவ்வாண்டு மே மாதம் கிரிமியாவில் கொடிய ஜுரத்துக்கு ஆளாகிப் பிழைத்தார். அதன் பின்விளைவு பல்லாண்டு அவரைப் படுக்கையில் கிடத்தியது. பணி செய்த இடம் பணியாளருக்குக் கொடுத்த கூலி அது.

1856-ல் ஊர் திரும்பியவர், புள்ளிவிவர நிபுணர் டாக்டர் வில்லியம் பாருடன் அமர்ந்து மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். உணவுக் குறைவும் களைப்புமே சிப்பாய்களைக் கொன்றன என்று அதுவரை நம்பியிருந்தார். ஆஸ்பத்திரியின் அசுத்தமே பெருங்காரணம் என்று கணக்கு காட்டியது. தாம் நிர்வகித்த இடத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கணக்கை அவர் மறைக்கவில்லை. ராணுவச் சுகாதாரம் பற்றி 1857-ல் ராயல் கமிஷன் அமைய அவரே முன்னின்று பாடுபட்டார்.

1859-ல் இந்தியாவுக்கென மற்றொரு கமிஷன் ஏற்பட்டது. அம்மையார் இந்நாட்டை மிதித்ததில்லை. கேள்வித்தாள் தயாரித்து இங்குள்ள ராணுவ நிலையங்களுக்கெல்லாம் அனுப்பி விடை வருவித்தார். வெள்ளைச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டதை 1863-ம் வருஷத்து அறிக்கை காட்டிற்று. வெள்ளையர் நலன் கருதிப் பிறந்த கமிஷன்தான்; எனினும் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் 1878-ல் நம் குடியானவர்களின் கடனையும் பட்டினியையும் பற்றி அவர் எழுதியதை நாம் மறக்கலாகாது. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி காலமானார்.

ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அவரது நூலின் 1863-ம் வருஷத்துப் பதிப்பில் ஒரு பட்டியல் உண்டு. லண்டனின் 15 ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தோர் என்ன நோயால் மாண்டனர் என்பதே அது. நோயாளிகளின் சாவை எண்ணுவது போலவே ஊழியர்களின் சாவையும் எண்ணியாக வேண்டும் என்று கண்ட பட்டியல். மேட்ரன், சிஸ்டர், நர்ஸ் ஆகியோர் அதில் உள்ளனர். நம் ஆஸ்பத்திரிகள் தணிக்கையாளரை அமர்த்தும்போது, ரத்தம் தோய்ந்த துணியையும் உபயோகித்த ஊசியையும் அள்ளும் துப்புரவுச் சிப்பந்தியிடமிருந்து விசாரணையைத் தொடங்கும்படி உத்தரவில் எழுதட்டும். கண்ட குறையை எந்தத் தேதிக்குள் யார் தீர்ப்பது என்பதையும் அதிலேயே எழுதட்டும்.