சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். சென்னையில் மருத்துவம் பயின்ற அவர், உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார். பின் அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் ஏவலாளாய் உழைத்துக்கொண்டே ஆராய்ச்சி பயின்றார். 1945-இல் அவர் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தார் போலிக் அமிலத்தை ஆக்கினர். அக்குடல்நோயால் வரும் சோகைக்கு அது மருந்தாயிற்று.

எலும்பு மச்சையில் தோன்றும் இரத்தப் புற்றுநோயை அவ்வமிலம் தூண்டுதலைப் பாஸ்டன் மருத்துவர் பார்பர் கண்டார். உடனே சுப்பாராவ் குழுவினர் அதன் வினையைத் தடுக்கும் அமினோப்டெரினைப் படைத்தளித்தனர். அதனால் சிறார் சிலர்க்கு அந்நோய் சின்னாளேனும் தணிந்தமையை 1948-இல் பார்பர் அறிவித்தார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். அவ்வழி வந்த மெத்தோட்ரெக்சேட் எலும்புப் புற்றுநோய்க்கும் இன்று மருந்தாகின்றது. தம் துயரைப் பிறர் நலமாக மாற்றுவோரே சான்றோர்.