அறிஞர் றொண்ட்கன்

நாம் எக்ஸ்ரே என்பதை டெனிஸ் மக்கள் றொண்ட்கன் என்று வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அஃது ஒரு மனிதரின் பெயராகும்.

வில்ஹெல்ம் கொன்ராட் றொண்ட்கன் 1845 மார்ச் 27 இல் ஜேர்மனியின் லென்னெப் என்னும் ஊரில் துணி வணிகர் ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். மூன்று வயதிலேயே பெற்றோருடன் ஒல்லாந்து சென்றார். அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளை என்ற வகையில் அவர் நமக்கு அந்நியர் அல்லர்! உட்ரெக்ற் நகரில் கற்கையில், ஆசிரியரைக் கேலியாக வரைந்த மாணவன் யாரெனக் காட்டிக்கொடுக்க மறுத்தமையால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். சான்றிதழ் இல்லாத அவரைச் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்றது. 1869 இல் கலாநிதியானார்.

1895 நவம்பர் 8 மாலை. வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், கரிய அட்டையால் மூடிய வெற்றிடக் குழாயினுள் மின்னைச் செலுத்தியபோது, அப்பாலிருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்வதைக் கண்டார். அறியாத கதிராகையால் எக்ஸ் எனப் பெயரிட்டார். டிசம்பர் 22 இல் மனைவி பேர்த்தாவின் கையைப் படம்பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. 1901 இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும் கோரினாரல்லர்.

அன்று கண்ணாடித் தகட்டில் விழுந்த நிழல் பின்னர் பிலிமிலும், இன்று கணினித் திரையிலும் விழுகின்றது. நுரையீரலில் சிறு கட்டியைத் தேடும் மருத்துவருக்கு இம்மாற்றம் சிறிதன்று. பிலிம் அளவுக்கு மிஞ்சிக் கறுத்தால் மீண்டும் கதிர்பாய்ச்சிப் படம்பிடிக்க வேண்டும். இலக்கமுறைப் படத்திலோ ஒளியைக் கூட்டிக் குறைத்து, இதயத்தின் பின்னால் மறைந்த பகுதியையும் நோக்கலாம். ஆயினும் நுண்ணிய கோடுகளைக் காட்டுவதில் நல்ல பிலிம் தாழ்ந்ததன்று. இருமுறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. எம்முறையாயினும் விலா எலும்பின் நிழலிலே கட்டி ஒளிந்துகொள்ளும். தேர்ந்த கண்ணும் தவறவிடும். ஐயமேற்படின் சீ.ரி. ஸ்கான் எடுக்கின்றனர். பெற்றோர்களே, படத்தில் ஒன்றுமில்லை என்ற பின்னரும் இருமல் நீங்காவிடின் மீண்டும் மருத்துவரை நாடத் தயங்கற்க.

றொண்ட்கனின் இறுதிக்காலம் இன்பமானதன்று. 1919 இல் பேர்த்தா மறைந்தார். போருக்குப் பிந்திய பணவீக்கம் அவரது சேமிப்பைக் கரைத்தது. 1923 பெப்ரவரி 10 இல் மியூனிக் நகரில் குடற் புற்றுநோயால் காலமானார். அவர் விரும்பியவாறே அவரது ஆய்வுக் குறிப்புகள் எரிக்கப்பட்டன.