தழும்புகளோடு முன்னோக்கி – புனித ஜோசப்பின் பகித்தா



பழையதை மறந்துவிட வேண்டும் என்று நாம் ஒருவருக்கொருவர் எளிதாக அறிவுரை கூறுகிறோம். ஆனால் கணவரின் அடிகளை ஆண்டுக்கணக்கில் தாங்கிய பெண்ணுக்கும், சொத்துத் தகராறில் உடன்பிறந்தவராலேயே ஏமாற்றப்பட்டவருக்கும், பாவ மன்னிப்புப் பெற்ற பின்னும் இளமையின் தவற்றை எண்ணித் தூக்கமிழப்பவருக்கும் அது அவ்வளவு எளிதல்ல. மறக்க முடியாததே தங்கள் விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என்று நினைத்து இவர்கள் மேலும் வருந்துகிறார்கள். இத்தகையோருக்கு ஆறுதலாகத் திருச்சபை நம்முன் வைக்கும் ஒரு வாழ்வுதான் புனித ஜோசப்பின் பகித்தாவின் வாழ்வு. பிப்ரவரி 8ஆம் நாள் நாம் அவரது நினைவைக் கொண்டாடுகிறோம்.

பெயரை இழந்த சிறுமி

ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில், டார்பூர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் ஏறக்குறைய 1869ஆம் ஆண்டு இவர் பிறந்தார். ஏழு அல்லது எட்டு வயதிருக்கும்போது, ஊருக்கு வெளியே வயல் பக்கம் சென்றிருந்த இவரை இரண்டு அந்நியர்கள் கடத்திச் சென்றார்கள். இவருடைய அக்காவும் அதற்கு முன்பே அடிமை வணிகர்களால் கடத்தப்பட்டிருந்தார். அச்சத்திலும் அதிர்ச்சியிலும் அந்தச் சிறுமி, தன் பெற்றோர் வைத்த பெயரையே மறந்துவிட்டாள். கடத்தியவர்கள் பகித்தா என்று ஒரு பெயரைச் சூட்டினார்கள். அரபு மொழியில் அதற்கு அதிர்ஷ்டசாலி என்று பொருள்! சங்கிலியில் கட்டி விற்பனைக்கு நிறுத்தப்பட்ட ஒரு குழந்தைக்கு இதைவிடக் கொடிய கேலி வேறென்ன இருக்க முடியும்?

அவர் பலமுறை விற்கப்பட்டார். ஒருமுறை வேறொரு சிறுமியோடு தப்பி ஓடியும் மீண்டும் பிடிபட்டார். துருக்கிய படை அதிகாரி ஒருவரின் வீட்டில் அவர் அனுபவித்தது நெஞ்சை உலுக்கும் கொடுமை. அடிமைகளின் உடலில் கோலம் போடுவதுபோலக் கத்தியால் கீறி, அந்தக் காயங்கள் ஆறாத தழும்பாக நிலைக்கும்படி உப்பைத் தேய்த்தார்கள். பகித்தாவின் உடலில் இப்படி 114 கீறல்கள் போடப்பட்டன. அந்தத் தழும்புகள் இறுதி நாள்வரை அவரோடு இருந்தன.

யார் தலைவர்?

1883ஆம் ஆண்டு, கார்த்தூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி இவரை விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில்தான் முதன்முறையாக அடியும் வசவும் இன்றி வாழ்ந்தார். 1885இல் அவரோடு இத்தாலிக்கு வந்தார். அங்கே மிக்கியேலி என்ற குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களுடைய பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். அக்குடும்பத்தின் சொத்துக்களைக் கவனித்துவந்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்ற பக்தியுள்ள மனிதர், ஒருநாள் அவருக்கு வெள்ளியாலான சிறிய பாடுபட்ட சுரூபம் ஒன்றைக் கொடுத்தார்.

சிறுவயதிலேயே கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் தலைவர் யாராக இருக்கும் என்று வியந்தவர் பகித்தா. அதன்பின் அவர் கண்ட தலைவர்கள் எல்லாரும் சாட்டை பிடித்த தலைவர்கள். இப்போது சிலுவையில் அறையுண்டு, தன்னைப் போலவே அடிபட்ட ஒரு தலைவரைக் கண்டார். 1888இல் வெனிஸ் நகரின் கனோசியன் அருட்சகோதரிகளிடம் தங்கி மறைக்கல்வி கற்றபோது, தான் சிறுமியாகத் தேடிய தலைவர் இவரே என்று அறிந்துகொண்டார்.

திரும்பிப் போக மறுத்தார்

ஆப்பிரிக்காவில் கணவர் நடத்திய விடுதிக்கு அழைத்துப் போவதற்காக எஜமானி திரும்பி வந்தபோது, பகித்தா உடன் செல்ல மறுத்தார். வற்புறுத்தலும் கண்ணீரும் அவரை அசைக்கவில்லை. விவகாரம் அதிகாரிகளிடம் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்பதில்லை. ஆகவே அவர் சுதந்திரமானவர் என்று 1889 நவம்பர் 29ஆம் நாள் தீர்ப்பாயிற்று.

இந்த நிகழ்வை நாம் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில், தன்னைக் கடத்தியவர்களைச் சந்திக்க நேர்ந்தால் மண்டியிட்டு அவர்களின் கைகளை முத்தமிடுவேன் என்றும், அவர்கள் வழியாகவே தான் கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்ததாகவும் கூறியவர் இவர். அடிமைத்தனம் நல்லது என்று அவர் சொல்லவில்லை. சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பைப் போல, மனிதர் செய்த தீமையையும் கடவுள் நன்மைக்குத் திருப்பினார் என்று கண்டுகொண்டார். அவ்வளவு மன்னித்த அதே பகித்தா, எஜமானியின் பிடிக்குள் மீண்டும் போகச் சம்மதிக்கவில்லை. மன்னிப்பது வேறு, துன்புறுத்தும் இடத்திற்குத் திரும்பிப் போவது வேறு. மன்னிப்பின் பெயரால் யாரையும் மீண்டும் சாட்டையடிக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை.

பழைய பெயருக்குப் புதிய பொருள்

1890 ஜனவரி 9ஆம் நாள், வெனிஸ் நகர முதுபெரும் தந்தை கர்தினால் தொமேனிக்கோ அகொஸ்தீனி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அதே நாளில் உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றார். அவருக்கு அளிக்கப்பட்ட பெயர்கள் ஜோசப்பின், மார்கரெட், போர்த்துனாத்தா. இந்தக் கடைசிப் பெயரின் பொருள் என்ன தெரியுமா? அதிர்ஷ்டசாலி! கடத்தியவர்கள் கேலியாக வைத்த பெயரை ஆண்டவர் தூக்கி எறியவில்லை, அதை உண்மையாக்கிவிட்டார். கடந்தகாலத்தைக் கடவுள் அழிப்பதில்லை, மீட்கிறார்.

1896 டிசம்பர் 8ஆம் நாள் பகித்தா கனோசியன் சபையில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கியோ என்ற ஊரின் மடத்தில் சமையல், தையல், சக்கிறீஸ்து அறைப் பணி, வாயில் காக்கும் பணி என்று எளிய வேலைகளைச் செய்தார். மடத்தின் கதவைத் தட்டிய ஏழைகளையும் குழந்தைகளையும் கனிவோடு வரவேற்றார். அவரது வாழ்க்கை வரலாறு 1931இல் நூலாக வெளிவந்தது. பல ஊர்களுக்குச் சென்று மக்கள்முன் சாட்சியம் பகர்ந்தார். கடந்தகாலத்தை மறைக்கவும் இல்லை. அதில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவும் இல்லை.

புனித பவுலும் இப்படித்தான். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில், பின்னால் கிடப்பதை மறந்து இலக்கை நோக்கி ஓடுபவராகத் தம்மைக் காட்டுகிறார். ஆனால் அதே அதிகாரத்தில், தம் குலத்தையும் பரிசேய வாழ்வையும், திருச்சபையைத் துன்புறுத்தியதையும் வரிசையாகப் பட்டியலிடுகிறாரே! எல்லாமே அவர் நினைவில் இருந்தன. ஆனால் அவற்றில் எதுவும் இனி அவரை ஆளவில்லை. மறத்தல் என்று அவர் குறிப்பிடுவது இதைத்தான். உயிர்த்த ஆண்டவரின் மாட்சிமிகு உடலில்கூட ஆணிகளின் தழும்புகள் இருந்தன அல்லவா?

இறுதிப் பயணம்

1947ஆம் ஆண்டு, மரணப்படுக்கையில் காய்ச்சலின் மயக்கத்தில், சங்கிலி கனமாக இருக்கிறது, சற்றுத் தளர்த்திவிடுங்கள் என்று பணிவிடை செய்தவரிடம் பகித்தா கெஞ்சினார். அரை நூற்றாண்டு துறவற வாழ்வுக்குப் பின்னும் அந்த நினைவு அவரை விட்டு முழுவதும் அகலவில்லை! ஆகவே பழைய வேதனை திடீரென்று மனதில் எழும்போது, நம் விசுவாசம் பொய் என்று நாம் கலங்க வேண்டாம். பிப்ரவரி 8ஆம் நாள், அன்னை மரியாவின் பெயரை உதட்டில் ஏந்தியவராய் அவர் இறைவனிடம் சென்றார்.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2007இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், எதிர்நோக்கைப் பற்றிய தமது சுற்றுமடலின் தொடக்கத்திலேயே பகித்தாவை எடுத்துக்காட்டாக வைத்தார். 2015 முதல் அவரது திருநாள், மனித வணிகத்திற்கு எதிரான உலகச் செப நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

தான் இரண்டு பெட்டிகளோடு மெல்ல மெல்ல நித்தியத்தை நோக்கி நடப்பதாக முதுமையில் அவர் கூறுவதுண்டு. ஒன்றில் தன் பாவங்கள். அதைவிடக் கனமான மற்றொன்றில் இயேசுவின் பேறுபலன்கள். அன்புக்குரியவர்களே, நம் கையிலும் முதல் பெட்டி இருக்கிறது. அதை மட்டுமே திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வழியில் உட்கார்ந்துவிட்டோமா? இரண்டாவது பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு எழுவோம். இந்த வாரத்தில் ஒருமுறையாவது நற்கருணை முன் அமர்ந்து, நம்மை வாட்டும் ஒரு பழைய நினைவை அதன் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்போம். தழும்புகளோடு நடந்தாலும், முன்னோக்கி நடப்போம்.

புனித ஜோசப்பின் பகித்தாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.