காப்பி அடிக்காத வானியலாளர்

மார்கழி மாசம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மொட்டை மாடிக்குப் போய் கிழக்கே பார்த்தால், சிவப்பா ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் நம்ம திருவாதிரை. சூரியன் இருக்கிற இடத்துல அதை வெச்சா செவ்வாய் கிரகம் வரைக்கும் விழுங்கிடும், அவ்வளவு பெரிய சூப்பர்ஜயன்ட். உலகம் அதுக்கு வெச்சிருக்கிற பெயர் பீட்டல்ஜூஸ். அந்தப் பெயரோட கதையில முக்கியமான ஒருத்தர் அப்துர் ரஹ்மான் அல் சூஃபி.

அல் சூஃபி 903-ல் இன்றைய டெஹ்ரானுக்குப் பக்கத்தில் இருக்கிற ரேய் நகரத்தில் பிறந்தார். பிறகு அதுத் அல் தவ்லா என்ற மன்னரின் ஆதரவில் வேலை பார்த்தார். அந்த மன்னருக்கு நட்சத்திரங்களைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான்.

அப்போ வானியலுக்குப் பெரிய நூல் தாலமி எழுதிய அல்மஜெஸ்ட். 48 நட்சத்திரக் கூட்டங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள், எல்லாத்துக்கும் இடமும் ஒளி அளவும் அதில் இருந்தன. ஆனா அது எழுதி 800 வருஷம் ஆகியிருந்தது. பலர் வானத்தைப் பார்க்காமலே அந்தப் புத்தகத்தை வெச்சு வான உருண்டை செஞ்சுட்டு இருந்தாங்க. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நாம ரெக்கார்டு எழுதுற மாதிரிதான்! அல் சூஃபிக்கு இது பிடிக்கவே இல்லை.

அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். டெலஸ்கோப் வர இன்னும் 600 வருஷத்துக்கு மேல இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தோட ஒளியையும் தானே மதிப்பிட்டு, தாலமி தப்பா சொன்ன இடங்களைத் திருத்தினார். பூமியின் அச்சு மெதுவாகத் திசை மாறுவதால் வந்த வித்தியாசத்துக்காக, தாலமி கொடுத்த நெடுங்கோடுகளோட 12 டிகிரி 42 நிமிடம் கூட்டினார். இப்படி 964-ல் உருவானதுதான் அவரோட நிலையான நட்சத்திரங்களின் நூல்.

அதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு படம். ஒண்ணு பூமியிலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றம், இன்னொண்ணு வான உருண்டையில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் தோற்றம். இரண்டிலும் இடம் வலம் மாறும். இஞ்சினியரிங் டிராயிங் படிச்சவங்களுக்கு இதோட அருமை புரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியையும் ஒரு சின்ன மேகமா அவர் குறிச்சு வெச்சார். அதைப் பற்றி நமக்குத் தெரிஞ்ச முதல் எழுத்துப் பதிவு அதுதான்.

இன்னொரு வேலையும் செஞ்சார். கிரேக்கர்கள் வேட்டைக்காரனைப் பார்த்த அதே இடத்தில், அரபு மக்கள் ஜவ்ஸா என்ற பெண்ணைப் பார்த்தாங்க. அந்த மக்கள் புழங்கிய பெயர்களை எல்லாம் சேகரிச்சு, எது எந்த நட்சத்திரம்னு தாலமியின் பட்டியலோட பொருத்திக் காட்டினார். ஜவ்ஸாவின் கால் ரிஜ்ல், இன்றைய ரைஜல். ஜவ்ஸாவின் கை யத் அல் ஜவ்ஸா, அதுதான் திருவாதிரை.

அப்போ 'யத்' எப்படி 'பீட்' ஆச்சு? அரபியில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ய'வுக்குக் கீழே இரண்டு புள்ளி, 'ப'வுக்கு ஒரே புள்ளி. இடைக்காலத்தில் லத்தீனுக்குக் கொண்டுபோனவங்க 'ய'வை 'ப'ன்னு படிச்சுட்டாங்க. அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். கடைசியில் 2016-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் பீட்டல்ஜூஸ் என்பதையே அதிகாரப்பூர்வமான பெயராக்கிடுச்சு.

காப்பி அடிக்கிறதை எதிர்த்தவர் பதிவு செய்த பெயர், காப்பியில் நடந்த தப்போடதான் நிலைச்சிருக்கு.

அல் சூஃபி 986-ல் இறந்தார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரின் லத்தீன் வடிவமான அசோஃபி என்ற பெயர் இருக்கு. அவர் கண்ணால் எடுத்த ஒளி அளவுகளை இன்றைய ஆய்வாளர்களும் பயன்படுத்துறாங்க. ஸ்கை மேப் ஆப்பில் பெயரைப் பார்த்ததும் போனை மூடிடாம, ஒரு நிமிஷம் நிமிர்ந்து வானத்தையும் பாருங்க. அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.